செத்தவர்களுக்குக் கட்டிய ஊர்: செர்வெத்தேரி

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னால் புல் முளைத்துக் குண்டு குண்டாகத் தெரிகிற மேடுகள் அத்தனையும் கல்லறைகள். ஊர் பெயர் செர்வெத்தேரி. ரோமிலிருந்து வடமேற்கே 40 கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் லடிஸ்போலி வந்து, பஸ் பிடித்து ஊருக்குள் இறங்கி, அங்கிருந்து பொடிநடையாக வந்தால் இந்த பண்டிதாச்சா கல்லறை நகரம். கொலோசியம் வாசலில் முண்டியடிக்கிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வருவதில்லை போலிருக்கிறது. எனக்கு நல்லதாகப் போயிற்று, நிம்மதியாகப் படம் பிடிக்கலாம்.

இந்தக் கல்லறைகளைக் கட்டியவர்கள் எட்ரஸ்கர்கள். ரோம் பெரிய ஆளாவதற்கு முன்பே நடு இத்தாலியில் கொடிகட்டிப் பறந்தவர்கள். ரோமின் கடைசி மூன்று அரசர்களில் இருவர் தர்குவினியஸ் என்ற எட்ரஸ்கக் குடும்பத்தினர் என்று ரோமர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நகரத்துச் சாக்கடையான குளோவாக்கா மாக்சிமா அந்த அரசர்கள் காலத்து வேலை. ரோமின் கேப்பிடல் குன்றுக் கோயிலின் ஜூபிடர் சிலையைச் சுடுமண்ணில் செய்யக்கூட வெயி நகரத்து எட்ரஸ்கச் சிற்பி வுல்காவைத்தான் கூப்பிட்டார்கள்.

சரி, இவ்வளவு பெரிய ஆட்களின் வீடுகள் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். மரம், பச்சைச் செங்கல், மேலே சுட்ட ஓடு. அஸ்திவாரம் தவிர எல்லாம் மக்கிப் போய்விட்டது. கல்லறைகளை மட்டும் டூஃபா என்கிற எரிமலைப் பாறையில் குடைந்தார்கள். வெட்டுவதற்கு மெத்தென்று இருக்கும் பாறை அது. அதனால், இவர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் இவர்களைப் புதைத்த இடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

கீழே பாருங்கள், இது தெரு. பாறையில் வண்டிச் சக்கரத் தடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது! காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் பணக்காரக் குடும்பங்கள் ஆளுக்கொரு வட்ட மேடு எழுப்பின. அப்புறம் தெருவோரமாக ஒரே மாதிரி சதுரக் கல்லறைகள், ஒட்டுக்குடித்தனம் போல வரிசையாக. பெரிய மேட்டுக்காரர்களின் ஆதிக்கம் குறைந்து நடுத்தரக் குடும்பங்கள் தலையெடுத்ததன் அடையாளம் என்று அகழ்வாய்வாளர்கள் சொல்கிறார்கள். தெருவைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வாங்க, ஒன்றுக்குள் இறங்குவோம். தலை இடிக்கும், குனிந்துகொள்ளுங்கள். மேலே பாருங்கள், உத்தரம். நடுவில் ஒரு பெரிய விட்டம், இரண்டு பக்கமும் சரிவு. மரமே கிடையாது, பாறையை மர வேலை மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். அறைக்கு வாசல், ஜன்னல், ஓரமாகக் கல் கட்டில்கள். கட்டிலின் தலைமாட்டைக் கவனியுங்கள். கூரை மாதிரி முக்கோணமாக இருந்தால் அது பெண்ணுக்கு. கட்டில்கால் செதுக்கியிருந்தால் ஆணுக்கு. வெளியே வாசலில் நட்டிருக்கும் அடையாளக் கல்லிலும் அதே கணக்கு: குட்டி வீடு என்றால் பெண், தூண் என்றால் ஆண்.

இப்போது நான் வந்த காரியம். புடைப்புச் சிற்பக் கல்லறை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு, மத்துனா குடும்பத்துடையது, 1847இல் கண்டெடுத்தார்கள். உள்ளே விட மாட்டார்கள், கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். என் ஃபோன் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மாடங்கள், ஒவ்வொன்றிலும் சுதையில் செய்து சிவப்புப் பூசிய தலையணை. தூண் முழுக்க வீட்டுச் சாமான். கத்தி, கோடரி, சுருட்டி மாட்டிய கயிறு, கரண்டி, குடுவை. சுவரில் கேடயமும் தலைக்கவசமும். நடுக் கட்டிலுக்குப் பக்கத்தில் காலடி மணையின் மேல் ஒரு ஜோடி செருப்பு, இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி. தூணடியில் ஒரு வாத்து. கட்டிலுக்குக் கீழேதான் மரணத்தின் அடையாளம்: பாதாள உலகத்து மூன்று தலை நாய் செர்பெரஸ். அதையும் வீட்டு நாய் போலக் கட்டிலுக்கடியில் விட்டிருக்கிறார்களே!

இந்த ஊரில் கிடைத்ததில் மிகப் பிரபலமானது இங்கே இல்லை. தம்பதியர் சவப்பேழை, சுடுமண், கி.மு. 520 வாக்கில் செய்தது, ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 400 துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் சாய்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள், அவன் கை அவள் தோளில். கிரேக்கர்களுக்கு இது தாங்கவில்லை. அவர்கள் விருந்தில் மனைவிக்கு இடமே கிடையாது. எட்ரஸ்கப் பெண்களைக் கேவலப்படுத்தி கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் எழுதியதெல்லாம் வெறும் வாய்க் கொழுப்பு என்பேன் நான். கல்லெழுத்துகளில் எட்ரஸ்கப் பெண்ணுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. ரோமிலோ கிளாடியஸ் வீட்டில் எத்தனை மகள் பிறந்தாலும் எல்லோரும் கிளாடியாதான்.

ஆனாலும் இந்த ஊருக்கும் ரோமுக்கும் நல்ல உறவு இருந்தது. கி.மு. 390இல் வடக்கிலிருந்து வந்த ‘கால்’ (Gaul) என்ற இனத்தார் ரோமைச் சூறையாடியபோது, அடுப்புத் தீயின் தெய்வமான வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகளும் புனிதப் பொருள்களும் அடைக்கலம் புகுந்தது இங்கேதான் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

இன்னொன்று சொல்லாமல் போனால் எனக்கு வயிறு எரியும். கல்லறைத் திருட்டு இந்தப் பக்கம் ஒரு தொழிலாகவே நடந்தது. 1971இல் இங்கே திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த, யூஃப்ரோனியஸ் என்ற கிரேக்க ஓவியர் படம் வரைந்த ஜாடியை, அடுத்த வருடமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. கிரேக்கத்தில் செய்து எட்ரஸ்கர்கள் விலைகொடுத்து வாங்கிய ஜாடி அது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2008இல் இத்தாலிக்குத் திரும்பி, இப்போது இதே ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்து அங்கேதான் போகிறேன். நீங்கள் வருவதாக இருந்தால் கையில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், பாதி அறைகளில் விளக்கு கிடையாது. மழை பெய்திருந்தால் படி வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.