விழா முடிந்த பிறகு அவர் எப்படி வீட்டுக்குப் போனார்?

நடுவர் அவர்களே, முதிய போர்வீரருக்கு உண்மையான மரியாதை விழா மேடையிலா, அன்றாட வாழ்க்கையிலா என்பது தலைப்பு. மேடையில்தான் என்று எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார், நாலு பேர் பார்க்கப் பதக்கம் குத்தினால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியும் என்றார். சரி, விழா எடுங்கள். ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் தொண்ணூறு வயதுக்காரரைக் கொஞ்சம் பாருங்கள். பீரங்கிச் சத்தத்தில் பாதி போன காது, அதனால் ஒலிபெருக்கியில் நாம் கொட்டும் புகழ் முழுவதும் அவருக்கு வெறும் இரைச்சல். சிறப்பு விருந்தினர் வரும்வரை காக்க வைக்கிறோம், முட்டி வலியோடு எழுந்து நிற்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம், அப்புறம் அவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று ஒருவராவது கேட்கிறோமா?

அந்த வீரர்களே தங்கள் கஷ்டத்தைப் பற்றி வாய் திறக்காவிட்டால் நாம் என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சண்டையிட்ட கடைசி பிரிட்டிஷ் வீரர் ஹாரி பாட்ச், 2009-இல் 111 வயதில் இறந்தார். நூறு வயதாகும் வரை அவர் போரைப் பற்றிப் பேசியதே இல்லை. தேடிப் போய்க் கேட்டார்கள், அதன் பிறகுதான் பேசினார். அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11-இல் பிரிட்டன் நாடே அஞ்சலி செலுத்துகிறது, அவருக்கோ நினைவு நாள் செப்டம்பர் 22, ஏனென்றால் 1917-இல் அந்த நாளில்தான் ஒரே குண்டில் மூன்று தோழர்களைப் பறிகொடுத்தார். எந்த விழா அழைப்பிதழில் ஐயா இந்தத் தேதி இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தானே தெரியும்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிரான்சுக்காகப் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் ஓய்வூதியத்தை 1959-இல் வந்த ஒரு சட்டம் அப்படியே உறைய வைத்தது. பிரெஞ்சு வீரருக்கு ஏறிக்கொண்டே போனது, தோளோடு தோள் நின்றவருக்கு நின்ற இடத்திலேயே நின்றது. சமமாகத் தருகிறோம் என்று முடிவெடுக்க 2006 ஆனது, அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு எத்தனை பதக்கம் கொடுத்தால் இது ஈடாகும், சொல்லுங்கள்!

காது கேட்கும் கருவி, காலதாமதமில்லாத ஓய்வூதியம், வாரம் ஒரு முறை வந்து உட்கார்ந்து பேச ஒரு ஆள். இதைக் கொடுத்துவிட்டு விழாவுக்கு அழையுங்கள், முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டுவது எங்கள் அணிதான். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே.