எந்த ‘அங்கே’?

நேயர்களுக்கு வணக்கம். தாராவியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் போன மாதம் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

“ஏ விங்கில் குழாய் மாற்றப்படும். பி விங்கில் தொட்டி கழுவப்படும். அங்கே திங்கள்கிழமை தண்ணீர் வராது.”

‘அங்கே’ என்பது பக்கத்தில் இருக்கும் பி விங்கைத்தான் சொல்கிறது என்று ஏ விங்கில் நாங்கள் யாரும் குடம் நிரப்பவில்லை. திங்களன்று எங்கள் குழாய்தான் காய்ந்தது. கீழ்வீட்டுப் பாட்டி குடத்தோடு பி விங் மாடி ஏறியதைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அந்த அறிவிப்பில் எழுத்துப்பிழை கிடையாது. மூன்று வாக்கியமும் தனித்தனியே சரி. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிதான் அடைபட்டிருந்தது. அது, அவர், அங்கே போன்ற சுட்டுச்சொற்கள் முன்னால் சொன்ன ஒன்றைக் கைகாட்டுபவை. பேச்சில் முகம் பார்த்து, விரல் நீட்டிப் புரியவைத்துவிடுவோம். தாளுக்கு விரல் இல்லை. தமிழில் எழுவாயையே விட்டுவிடும் வழக்கமும் உண்டு. “அண்ணன் மாமாவைப் பார்த்தார். பணம் கொடுத்துவிட்டார்” என்று ஊரிலிருந்து கடிதம் வந்தால், கொடுத்தது யார்?

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறார். எங்கள் அறிவிப்பு செய்தது அதைத்தான். சூத்திரங்கள், அதாவது விதி சொல்லும் சிறு பாக்கள், ஒன்றோடொன்று தொடரும் விதத்துக்கு அவர் சொல்லும் நான்கு உவமைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இடையறாமல் ஓடும் ஆற்றொழுக்கு, முன்னும் பின்னும் பார்க்கும் அரிமா நோக்கு, இடைவிட்டுத் தாவும் தவளைப் பாய்த்து, தொலைவிலிருந்து இறங்கிக் கவ்வும் பருந்தின் வீழ்வு. தவளையும் பருந்தும் கற்ற புலவருக்குச் சரி. தண்ணீர் அறிவிப்புக்கு ஆறுதான் வேண்டும்.

இந்த மாத அறிவிப்பை எழுதச் சொல்லி சொசைட்டி செக்ரெட்டரி என்னிடம் கொடுத்தார். இப்படி எழுதினேன்: “செவ்வாய்க்கிழமை ஏ விங் தொட்டியைக் கழுவுகிறோம். அதனால் அன்று ஏ விங்குக்குத் தண்ணீர் வராது. பி விங்குக்கு வழக்கம்போல் வரும்.”

ஏ விங் இரண்டு முறை வருகிறதே, நன்னூலின் பத்துக் குற்றங்களில் இன்னொன்றான ‘கூறியது கூறல்’ ஆகாதா என்று கேட்கலாம். குழப்பத்தைத் தடுக்கத் திரும்பச் சொல்வது வீண் இல்லை. அப்புறம், அந்த ‘அதனால்’. அதன் இடத்தில் ‘ஆனால்’ போட்டுப் பாருங்கள். இல்லாத முரணை வாசகர் தேட ஆரம்பித்துவிடுவார்.

பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பாட்டி, “சரி, எத்தனை மணிக்கு மறுபடி வரும்?” என்றார். அதை எழுத விட்டுப்போயிருந்தது. செக்ரெட்டரியிடம் கேட்டு, பேனாவால் கீழே சேர்த்தேன்: மாலை 6 மணிக்கு.