ஆர்டி முடிந்த மறுநாள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ராஜபாளையம். 2001-இல் இருந்து போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாதா மாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேர்க்கிற கணக்கு, அதற்கு ஏஜென்ட்டாக இருக்கிறேன். அரசாங்கக் காகிதத்தில் மகிளா பிரதான் ஏஜென்ட் என்று போட்டிருக்கும், 1972-இல் பெண்களுக்கென்றே கொண்டுவந்த திட்டம் அது. தெருவில் எல்லாருக்கும் நான் ஆர்டி அக்காதான். மில்லில் சம்பளம் போட்ட மறுநாள் கிளம்புவேன். வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, கார்டில் எழுதிக் கொடுத்து, பட்டியல் போட்டு, 15-ஆம் தேதிக்குள் தபால் நிலையத்தில் கட்டி முடிக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு 100 ரூபாய்க்கு 4 ரூபாய் கமிஷன் உண்டு. அதை அரசாங்கம் கொடுக்கிறது, உங்கள் பணத்தில் பிடிப்பது இல்லை. இருந்தாலும் ஆர்டி பற்றி நான் பேசும்போது அது என் பிழைப்பும் கூட என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நீண்ட காலச் சேமிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்த்தது என்னவென்றால், நம் ஜனங்களுக்கு ஆரம்பிப்பதில் பிரச்சனையே கிடையாது. பிள்ளை பிறந்தவுடன், வேலை நிரந்தரமானவுடன், தீபாவளி போனஸ் வாங்கியவுடன் அவர்களே கூப்பிட்டு ஒரு கணக்கு ஆரம்பிக்கச் சொல்வார்கள். மாதா மாதம் கட்டுவதிலும் பெரிய தவறு வராது, எப்பாடு பட்டாவது கட்டிவிடுவார்கள். விஷயம் கெட்டுப்போவது ஆர்டி முடிகிற அன்றைக்குத்தான்.

ஆர்டி என்பது 60 மாதம். அஞ்சு வருடம் கஷ்டப்பட்டுக் கட்டிய பணம் ஒரு நாள் மொத்தமாகக் கைக்கு வரும். அந்த ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டில் இருக்கிற எல்லாத் தேவைகளும் எப்படித்தான் மோப்பம் பிடித்து வருமோ தெரியாது. மச்சினன் வண்டி வாங்க முன்பணம் கேட்பார், வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கும், நாத்தனார் வீட்டில் காதுகுத்து வைத்திருப்பார்கள். பிள்ளை படிப்புக்கு என்று ஆரம்பித்த பணம் பத்து நாளில் கரைந்துவிடும். அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு கணக்கு ஆரம்பிங்க அக்கா என்பார்கள். மறுபடி முதலில் இருந்து.

இரண்டு பேர் கதை சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே மில்லில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே வயதில் பெண் குழந்தை. 2004 ஜூனில் ஒரே நாளில் மாதம் 500 ரூபாய்க்கு என்னிடம் ஆர்டி போட்டார்கள். அப்போது வட்டி ஏழரை. 2009 ஜூனில் இரண்டு பேருக்கும் 36,445 ரூபாய் வந்தது. ஒருவர் வீட்டில் அந்த வருடமே மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள், பணம் அதில் போய்விட்டது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அந்த விசேஷத்துக்கு நானும் போய் மொய் எழுதிவிட்டுத்தான் வந்தேன். இன்னொருவர், அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன், அன்றைக்கே அதே கவுண்டரில் 36,000-க்கு கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினார். அப்போது அது 8 வருடம் 7 மாதத்தில் இரட்டிப்பாகும். மிச்சம் 445 ரூபாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு பேரும் மறுபடி 500 ரூபாய் ஆர்டி ஆரம்பித்தார்கள்.

2014-இல் மறுபடி அதே 36,445. முதலாமவர் வீட்டில் அதுவும் செலவாகிவிட்டது. மதினி 36,400-க்குத் தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்கினார், அந்த வருடம் எட்டரை சதவீதம், அஞ்சு வருடத்தில் 55,000-க்குக் கொஞ்சம் கூட வரும். மூன்றாவது ஆர்டி 2019 ஜூனில் முடிந்தபோது 37,000 சொச்சம் வந்தது. இப்போது கூட்டிப் பாருங்கள். 2018 ஜனவரியில் கிசான் பத்திரம் 72,000 ஆகியிருந்தது, அதை அவர் தொடவில்லை. அதோடு 55,000, அதோடு 37,000. கிட்டத்தட்ட 1,64,000 ரூபாய். கையில் இருந்து கட்டியது 90,000தான். மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்தபோது முதல் இரண்டு வருடக் கட்டணத்துக்கு அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை.

மதினி அதிகமாகச் சம்பாதிக்கவும் இல்லை, அதிகமாகச் சேமிக்கவும் இல்லை. இரண்டு பேரும் கட்டிய தொகை ஒன்றுதான். மூன்று தடவை பணம் கைக்கு வந்தபோது அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே அடுத்ததோடு சேர்த்துக் கட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம். இருபது வருடச் சேமிப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது, அஞ்சஞ்சு வருடமாக நான்கு தடவையைக் கணுக் கணுவாகச் சேர்த்தால் அதுதான் இருபது வருடம். ஒடிவதும் அந்தக் கணுவில்தான்.

இப்போதைய கணக்கிலும் சொல்கிறேன். 2023 அக்டோபரில் ஆர்டி வட்டி 6.7 ஆனது. அந்த வட்டியில் மாதம் 1,000 கட்டினால் அஞ்சு வருடத்தில் சுமார் 71,300. நான்கு தடவை தனித்தனியாக வாங்கிச் செலவழித்தால் மொத்தம் 2,85,000 உங்கள் கை வழியாகப் போயிருக்கும், கையில் இருப்பது பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் முழுப் பணத்தையும் அதே வட்டியில் திரும்பப் போட்டு வந்தால் இருபதாவது வருடம் கிட்டத்தட்ட 5 லட்சம் இருக்கும். அதில் முதல் அஞ்சு வருடத்தின் 71,300 மட்டுமே தனியாக வளர்ந்து 1,90,000-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் முதல் ஆர்டி முடியும்போது அதை உடைத்துவிட்டால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

சரி, உடைக்காமல் இருக்க என்ன வழி? நான் செய்வது ஒன்றுதான். கணக்கு ஆரம்பிக்கும்போதே எதற்கு, எந்த வருடம் என்று கேட்பேன். சும்மா சேமிப்புக்கு என்றால் விட மாட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் 'பாப்பா காலேஜ் 2021' என்று எழுதி பாஸ்புக் பின்னால் ஒட்டிவிடுவேன். மச்சினன் வந்து கேட்கும்போது பணம் இல்லை என்று பொய் சொல்வது கஷ்டம், ஆனால் அது பாப்பா காலேஜ் பணம் என்று சொல்வது சுலபம். கேட்கிறவருக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வராது. அதோடு இன்றைக்கு அதற்கு என்ன செலவு என்று விசாரித்து வையுங்கள், விசாரித்துவிட்டு அந்தத் தொகையையே இலக்காக வைக்காதீர்கள். 72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடம். இன்றைக்கு 5 லட்சத்தில் முடிகிற படிப்பு, ஆறு வயதுப் பிள்ளை காலேஜ் போகும்போது 10 லட்சம். கேட்டால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் பதினேழாவது வயதில் தெரிந்துகொள்வதை விட ஆறாவது வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

நடுவில் உடைவதும் உண்டு, பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்காக. மூன்று வருடம் முடிந்தால் ஆர்டியை முன்கூட்டியே முடிக்கலாம், ஆனால் அப்போது கிடைப்பது சாதாரண சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று, 12 மாதம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அதுவரை சேர்ந்ததில் பாதியைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம், ஆர்டி வட்டியை விட 2 சதவீதம்தான் கூட. இது தெரியாமல் கந்துவட்டிக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பாஸ்புக் அலமாரியில் கிடக்கும், அவர்கள் வட்டி கட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள். நீண்ட காலக் கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பணம் காவல் நின்றால்தான் பெரிய பணம் தப்பிக்கும்.

கணுவே இல்லாத கணக்குகளும் இருக்கின்றன. பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பியுங்கள். 2015-இல் வந்த திட்டம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போதும், அதிகம் ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்ட வேண்டும், 21-ஆவது வருடம் முடியும், 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிவிப்பார்கள். ஆரம்பத்தில் 9.2 வரை இருந்தது, 2020-இல் 7.6 ஆகக் குறைந்தது, 2024 தொடக்கத்தில் 8.2 ஆக்கினார்கள். இந்த 8.2 அப்படியே இருந்தால் மாதம் 1,000 வீதம் கட்டிய 1,80,000 ரூபாய், முடிவில் ஐந்தரை லட்சம் பக்கம் வரும். ஆண் பிள்ளைக்கும் நமக்கும் பிபிஎஃப், அதாவது பொது சேமநல நிதிக் கணக்கு இருக்கிறது, அது 15 வருடம். எந்தக் கணக்கானாலும் மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள், இந்த இரண்டிலும் 5-ஆம் தேதிக்கு மேல் கட்டினால் அந்த மாத வட்டி அந்தத் தொகைக்குக் கிடைக்காது. அவசரத்துக்கு எடுக்க முடியாதே என்று எல்லாரும் குறை சொல்வார்கள். நான் அதைத்தான் அந்தக் கணக்கின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

மியூச்சுவல் ஃபண்ட் பற்றியும் கேட்கிறார்கள், முக்கியமாக இளவட்டங்கள். என் மகனும் மாதம் 2,000 எஸ்ஐபி, அதாவது மாதா மாதம் ஃபண்டில் கட்டுவது, போடுகிறான். பத்து வருடத்துக்கு அப்புறம் தேவைப்படும் பணம் என்றால் ஒரு பகுதியை அதில் போடுவதை நான் எதிர்க்க மாட்டேன், விலைவாசியை முந்துவதற்கு அது வேண்டும். ஆனால் அதில் கணு கிடையாது, ஒவ்வொரு நாளுமே ஒடியலாம், போனில் நாலு தட்டு தட்டினால் பணம் வெளியே வந்துவிடும். 2020 ஜனவரியில் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நிஃப்டி எண் 12,000-க்கு மேல் இருந்தது, மார்ச் கடைசியில் 8,000-க்குக் கீழே போனது. அன்றைக்கு மகன் ராத்திரி பூராவும் தூங்கவில்லை, எடுத்துரலாமா அம்மா என்று கேட்டான். இது எந்த வருடத்துக்கான பணம் என்று மட்டும் கேட்டேன். 2035 என்றான். அப்படியானால் 2020-இல் ஏன் எடுக்கிறாய் என்றேன். அந்த வருடம் டிசம்பரில் நிஃப்டி 13,900-ஐத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள், அஞ்சு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே வைக்கவே கூடாது.

இன்னொன்று, இது சொந்த அனுபவம். 1995-இல் என் வீட்டுக்காரர் மில் வேலையில் இருந்து வந்த பணத்தில் 40,000-ஐ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார். மூன்று ரூபாய் வட்டி, அதாவது 100-க்கு மாதம் 3 ரூபாய். பத்து மாதம் வட்டி சரியாக வந்தது, பதினொன்றாவது மாதம் போனபோது பூட்டு தொங்கியது. அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்க இப்படி நிறைய நடந்துதான் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அசல் வரவே இல்லை. நான் ஏஜென்ட் வேலைக்கு வந்ததே அதற்கு அப்புறம்தான். நம் ஊரில் வட்டியை ரூபாய்க் கணக்கில் பேசுவோம், அதனால் இதையும் அப்படியே சொல்கிறேன்: அரசாங்கம் தரும் 7 சதவீதம் என்பது மாதம் 60 பைசா வட்டிக்கும் கொஞ்சம் குறைவு. யாராவது இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வட்டி தருகிறேன் என்றால் உங்கள் இருபது வருடத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

மகளுக்குக் காதுகுத்து வைத்த அந்த முதலாமவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது ஆர்டியும் முடிந்த 2019-இல், மதினியின் மகளுக்கு எவ்வளவு சேர்ந்தது என்று அவர் என்னிடம் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த மாதமே 1,000 ரூபாய்க்கு நான்காவது ஆர்டி ஆரம்பித்தார். அது 2024 ஜூனில் முடிகிறது என்றால் மே மாதமே என்னைக் கூப்பிட்டுவிட்டார், அக்கா, இந்தத் தடவை பணம் ஒரு ராத்திரி கூட வீட்டில் தங்கக் கூடாது, நீங்களும் கூட வாங்க என்று. 72,500 ரூபாய், அப்படியே அதே கவுண்டரில் தேசிய சேமிப்புப் பத்திரமாக மாற்றினோம். 7.7 சதவீதம், 2029-இல் 1,05,000 இருக்கும். புது ஆர்டிக்கான பாஸ்புக் வந்ததும் பின்னால் ஒட்ட என்ன எழுத என்று கேட்டேன். 'எனக்கு, 2034' என்று எழுதச் சொன்னார்.

வணக்கம்.