முதல் அகப்பை

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, இந்தக் குளிரில் பிள்ளைகளையும் போர்த்திக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வெவ்வேறு சமயத்தவரின் உறவைக் காப்பது மனம் திறந்து பேசுவதா, பேசாமல் ஒதுங்கிப் போவதா? பேசுவதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "மதப்பேச்சும் தேத்தண்ணியும் ஒன்று, கூடக் கொதித்தால் கசக்கும்" என்றார். மண்டபமே கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன் உங்களை ஒரு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். நான் பிறந்த லயம்.

எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, அப்பாயி, நாங்கள் மூன்று பிள்ளைகள். ஒரு சுவர் தள்ளிப் பக்கத்து வீட்டு அத்தை. ரத்த உறவு இல்லை. அப்பாயியைப் பெரியம்மா என்று கூப்பிடுவார், அதனால் எங்களுக்கு அத்தை. அவருடைய அடுப்பில் பருப்பு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும், அவ்வளவு கிட்ட.

அந்த அத்தை ஒரு வருஷம் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. தைப்பொங்கல் வந்தது. அப்பாயி வாசலில் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, வழக்கம்போல ஒரு பூப்போட்ட எனாமல் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் எடுத்து என் கையில் கொடுத்தார். விளிம்பில் ஓர் இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துப்போன கிண்ணம். அத்தை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பந்து தேடி லயத்துக்குப் பின்னால் போனேன். அத்தையின் கோழிகள் எங்கள் பொங்கலைக் கொத்திக்கொண்டிருந்தன. நெய்யும் ஏலக்காயும் மணக்கிறது. ஒரு சேவல், அப்பாயி எண்ணி எண்ணிப் போட்ட முந்திரிக் கஜுவை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. பார்த்தவளும் நான்தான், ஓடிப்போய் அப்பாயியிடம் சொன்னவளும் நான்தான்.

அப்பாயி சண்டைக்குப் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வருஷம் பேச்சு இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பார்கள். வாளியோடு வாளி இடிக்கும், வாய் திறக்காது. அத்தை வீட்டு மகன் காய்ச்சலில் கிடந்தபோது, இரவு முழுக்க அவன் இருமுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு அப்பாயி தூங்காமல் கிடந்தார். எழுந்து போகவில்லை.

எதிரணி கேட்கிற சமாதானம் இதுதானே? இரண்டு வருஷத்தில் ஒரு சண்டை கூட நடக்கவில்லை. ஒதுங்கித்தான் போனார்கள். அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அது சமாதானம் இல்லை.

இரண்டாம் வருஷம் மார்கழியில், ஒரு மழை நாள். பீலியில் இவர்கள் இருவர் மட்டும். நான் சின்னக் குடத்தோடு பக்கத்தில் நின்றேன். அப்பாயிதான் கேட்டார்: "ஏன்டி, நான் குடுத்த பொங்கச் சோத்தக் கோழிக்குப் போட்டியே, என் கை ஒனக்கு அவ்வளவு அசிங்கமாப் போச்சா?"

அத்தையின் வாளி நிரம்பி வழிந்தது. அதை எடுக்கவே இல்லை அவர். "ஐயோ பெரியம்மா, ஒங்க கைய சொல்லுவேனா? சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடக் கூடாது. வேணாமுன்னு சொன்னா ஒங்க மனசு நோகும்னு வாங்கிக்கிட்டேன். குப்பையில கொட்ட மனசு வரல. அதான் கோழிக்குப் போட்டேன்."

"படைக்காட்டிச் சாப்பிடுவியா?"

"ஒங்க கையால ஆக்குனதுன்னா சட்டியோட சாப்பிடுவேன் பெரியம்மா."

அப்பாயிக்கு அடுத்த சந்தேகம். மூன்றாம் காம்பராவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம், அந்தோனியார் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள். படைத்த பொங்கலைத்தான் அவர்களுக்கும் கொடுப்போம், சாப்பிடுவார்கள். "அவங்களும் வேதக்காரங்கதானே, அவங்க சாப்பிடுறாங்களே?" என்று கேட்டார். "அவங்க வேற பெரியம்மா, எங்க சபை வேற" என்றார் அத்தை. ஒரே லயத்தில் முப்பது வருஷம் இருந்தவர் அப்பாயி. வேதக்காரர்களுக்குள்ளேயே வேறு வேறு வழி உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் வளர்ந்த பிறகு பைபிளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். படைத்ததை உண்ணலாமா கூடாதா என்பது அத்தையின் பிடிவாதம் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம், 10ஆம் அதிகாரங்கள் இதைப் பற்றித்தான் பேசுகின்றன. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக் கேள்வி. அது எங்கள் பீலிக்கரைக்கு வந்து, ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் நின்றிருக்கிறது!

அடுத்த மாதம் பொங்கல். பானை பொங்கியது, சங்கு ஊதினோம். வாழையிலை போடுவதற்கு முன்னால், விளக்குக்கு முன்னால் கொண்டுபோவதற்கு முன்னால், அப்பாயி அகப்பையை விட்டு முதல் அகப்பைப் பொங்கலை அந்த எனாமல் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். சித்தப்பா பதறிப்போனார். "சாமிக்கு முந்தி மனுசருக்கா?" அப்பாயி நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "சாமிக்கு ஒண்ணும் அவசரமில்ல. பக்கத்து வீட்டுப் புள்ள ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கா."

கிண்ணத்தைக் கொண்டுபோனவள் நான். அத்தை அதை வாசலில் நின்றபடியே, என் கண் முன்னாலேயே, கையால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். கண்ணீரும் சோறும் சேர்ந்து இறங்குகிறது. அந்தக் கஜுவையும் அவரே சாப்பிட்டார். சேவலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இதில் யார் எதை விட்டார்கள் சொல்லுங்கள்? அப்பாயி சாமியை விடவில்லை, அதே பானையில் அடுத்த அகப்பை சூரியனுக்குப் போனது. அத்தை சபையை விடவில்லை. மாறியது எது? ஓர் அகப்பை, எந்த நேரத்தில் பானைக்குள் போகிறது என்பது மட்டும்தான். அந்த ஓர் அகப்பைக்காகத்தான் இரண்டு வருஷம் போனது.

சரி, இப்போது தேத்தண்ணிக்கு வருவோம். அண்ணே, கூடக் கொதித்தால் கசக்கும் என்றீர்கள், ஒத்துக்கொள்கிறேன். எப்போது கூடக் கொதிக்கிறது? தூளைப் போட்டு, மூடியை மூடி, மறந்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடும்போதுதானே? பக்கத்தில் நின்று பார்த்து, வடித்து, ஆற்றுகிற தேத்தண்ணி எங்கே கசக்கிறது? மூடி வைத்ததுதான் கசக்கும்! எங்கள் லயத்தில் இரண்டு வருஷம் மூடிதான் வைத்திருந்தார்கள். அந்த மூடியைத் திறந்தது ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன உவமை எங்கள் அணிக்குச் சேர வேண்டியது அண்ணே, கைதட்டலையும் சேர்த்துத் தந்துவிடுங்கள்!

என் அம்மா ஃபெக்டரியில் வேலை செய்தவர். கொழுந்தை இரவு முழுக்கக் காற்றில் வாட்டுவார்கள், அப்புறம் ரோலரில் போட்டு அரைப்பார்கள். இலை நசுங்கி, சாறு வெளியே வந்து, காற்றுப் பட வேண்டும். அப்போதுதான் பச்சை போய்ச் செம்பு நிறம் வரும், வாசம் வரும். கொழுந்து நோகுமே என்று சாக்குக்குள்ளேயே கட்டி வைத்துப் பாருங்கள். சூடேறிப் புழுங்கி அழுகிப்போகும். இதைத் தேயிலைக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

எதிரணியினர் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். 1871இல் கம்பளையிலும், 1873இல் பாணந்துறையிலும் பௌத்தரும் கிறிஸ்தவரும் மேடை போட்டுப் பேசினார்களே, உறவா வந்தது? நியாயமான கேள்வி. பாணந்துறையில் ஒரு பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், மறு பக்கம் வெஸ்லியன் சபைப் போதகர் டேவிட் டி சில்வா. எதிராளியின் நூலில் குற்றம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் தேடிப் படித்துக்கொண்டு வந்தார்கள். அது போட்டி. இந்த மேடையும் போட்டி மேடைதான், அதனால்தான் நான் சாட்சிக்குப் பீலிக்கரைக்குப் போனேன். அப்பாயி ஜெயிக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அப்படித் தெரிந்துகொள்ளக் கேட்டவர்கள் பெரிய இடங்களிலும் இருந்தார்கள். 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கிற எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று எழுதி வைத்தது. இங்கே கண்டியில் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் 1972இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத்துத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்.

சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கிற பாதச்சுவடு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை, அதனால்தான் அமைதி என்றும் சொன்னார்கள். நான் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து ஏறியிருக்கிறேன். நடு இரவில், படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த ஒரு சிங்கள ஆச்சி அப்பாவிடம் கேட்டார், உங்களுக்கு மேலே இருப்பது யார் என்று. அப்பா தெரிந்த சிங்களத்தில் சிவன் என்றார். எங்களுக்கு புத்தர், முஸ்லிம்களுக்கு ஆதம் என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்த பனங்கட்டியை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார் அந்த ஆச்சி. கேட்டதால் மலை சரிந்துவிடவில்லையே.

கேட்காமல் இருந்தபோதுதான் உறவு சரிந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இஸ்லாத்தின் பெயரைச் சொன்ன ஒரு கும்பல் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்தது. அதற்குப் பிறகு டவுனில் எங்களுக்கு மாதா மாதம் கடனுக்குச் சாமான் கொடுத்த, நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் வாங்கினோம். நாங்களும்தான். ஒரு சொல் அவரிடம் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து அப்பா போய் நின்று, "நானா, என்ன இது, ஒங்க வேதம் இதத்தான் சொல்லுதா?" என்றே கேட்டுவிட்டார். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "இத யாராவது என் மூஞ்சியப் பாத்துக் கேக்க மாட்டாங்களான்னு மூணு மாசமா உக்காந்திருக்கேன் அண்ணே" என்றார். அன்று கடை பூட்டும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

அப்பாயி ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். எழவு வீட்டுக்கு அத்தை முதல் ஆளாக வந்தார். எல்லோரும் வாய்க்கரிசி போடும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "மதினி, நான் இதப் போட முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அப்பாயியின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். தூக்கும்வரை அந்தக் காலை விடவில்லை. அம்மா தப்பாக எடுக்கவே இல்லை. அத்தைதான் சொல்லிவிட்டாரே.

அடுத்த மாதம் தைப்பொங்கல். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் இல்லை. லயம் முழுக்கப் பால் பொங்குகிற வாசம், எங்கள் அடுப்பு மட்டும் வெறும் சாம்பல். விடிந்து கொஞ்ச நேரத்தில் இஸ்தோப்பில் யாரோ வந்து நிற்கிற சத்தம். அத்தை. தலைமுடி நரைத்துவிட்டது, கை நடுங்குகிறது. அந்தக் கையில் அதே எனாமல் கிண்ணம், விளிம்பில் பூச்சு உதிர்ந்த அதே கிண்ணம். உள்ளே ஆவி பறக்கச் சர்க்கரைச் சோறு.

உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்: "மதினி, இது நான் ஜெபம் பண்ணி ஆக்குனது. நீங்க சாப்பிடுவீங்களா?"

அம்மா எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வணக்கம்.