எழுத்துக்கூட்டி வாசிக்கும் அப்பா பிள்ளைக்குக் கதை வாசிக்கலாமா?

அடுத்த கேள்வியை நிலாவெளியில் இருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். "நான் கடற்றொழில் செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மகளுக்கு நான்கு வயது. இதுவரை தாய்தான் கதை வாசித்துக் காட்டினார். இப்போது என்னையும் வாசிக்கச் சொல்கிறார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் வாசித்தால் பிள்ளைக்குப் பயன் உண்டா, அல்லது பிழையாகப் பழகிவிடுவாளா?" என்று கேட்கிறார்.

பயன் உண்டு. எங்கே பயன் கிடைக்கிறது என்பதை நம்முடைய தமிழில் இருந்தே சொல்கிறேன். வீட்டில் "அப்பா வாறார்" என்கிறோம். புத்தகத்தில் "அப்பா வருகிறார்" என்று இருக்கிறது. வீட்டில் "மாடு நிக்குது". புத்தகத்தில் "மாடு நிற்கிறது". தரம் 1 இல் சேரும் பிள்ளை எழுத்தை மட்டும் புதிதாகச் சந்திப்பதில்லை, காதுக்குப் பழக்கமில்லாத ஒரு தமிழையும் அதே நாளில் சந்திக்கிறது. மடியில் இருந்தபடி அந்தத் தமிழைப் பலமுறை கேட்டிருந்தால், "வரு" வரை எழுத்துக்கூட்டியதும் மிச்சம் "கிறார்" என்று முடியப்போவதைக் காதே எடுத்துக் கொடுத்துவிடும். ஆகவே, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசியுங்கள். அதைப் பற்றிக் கதைப்பதை நம்முடைய பேச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் கதையுங்கள்.

மெதுவாக வாசிப்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் கண் அந்த வேகத்தில்தான் உங்கள் விரலைப் பின்தொடர முடியும். "தோணி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் முதலில் நிற்பது இரட்டைக் கொம்பு, அடுத்து "த", அதற்கும் பின்னால் ஓர் அரவு. சிலர் அதைக் கால் என்பார்கள். வாயிலோ "த்" முதலிலும் "ஓ" பின்னுமாக வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் இப்படி மாறி நிற்பது நம் எழுத்தில் பிள்ளைகள் இடறும் இடங்களில் ஒன்று. நீங்கள் அந்த மூன்று குறிகளையும் விரலால் அணைத்துக் காட்டி "தோ" என்று நிறுத்தி, பிறகு "ணி" என்று சேர்க்கும்போது, மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்பதைப் பிள்ளை விளக்கம் இல்லாமலே கண்டுகொள்ளும். சரளமாக வாசிப்பவர்கள் இந்த இடத்தை ஓடிக் கடந்துவிடுகிறார்கள். அதற்காக 247 எழுத்துகளையும் இப்போதே ஒப்புவிக்கச் சொல்லிவிடாதீர்கள். அந்த வேலைக்குப் பாடசாலை இருக்கிறது.

பிழையைப் பற்றிக் கேட்டீர்கள். நம்மில் பலருடைய வாயில் "ழ" என்பது "ள" ஆகிவிடுகிறது. அதனால் பெரிய கெடுதி வந்துவிடாது, ஏனென்றால் சரியான எழுத்து தாளில் பிள்ளையின் கண்முன்னே இருக்கிறது.

தாய் வாசிக்கும்போது தந்தையும் எதற்கு என்ற கேள்வி இதற்குள் மறைந்திருக்கிறது. அமெரிக்காவில் நாடியா பான்சோபர், லின் வெர்னன்-ஃபேகன்ஸ் ஆகிய இருவரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளையோடு பேசும்போது தந்தை கையாண்ட சொற்கள் எவ்வளவு வகைப்பட்டவை என்பது, மூன்று வயதில் அந்தப் பிள்ளையின் பேச்சு வளத்தோடு தொடர்புபட்டிருந்தது. இத்தனைக்கும் அந்தத் தந்தையர் தாய்மாரைவிடக் குறைவாகவே பேசினார்கள். ஆய்வுக்கு உட்பட்டவை பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள். தந்தையின் பேச்சே காரணம் என்று அதைக் கொண்டு மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்களிடம் உள்ள சொற்களை நினைத்துப் பாருங்கள். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றுக்கே நான்கு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

உப்புவெளியில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். படப் புத்தகத்தில் ஒரு கணவாய் இருந்தது. கீழே இருந்த ஒற்றை வரியைத் தந்தை சிரமப்பட்டு வாசித்து முடித்தார். "இதுக்கு எலும்பு இருக்கா அப்பா?" என்று மகன் கேட்டான். "உள்ளுக்குள்ள ஓடு இருக்கு, நாளைக்குக் காட்டுறன்" என்றார். மறுநாள் கரையில் ஒதுங்கிக் கிடந்த கணவாய் ஓடு ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் படத்தின் மேல் வைத்தார். பையன் அதை நகத்தால் சுரண்டி, வெள்ளைத் தூள் கொட்டுவதைப் பார்த்தான். பிறகு அதே வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னான்.

பிள்ளையிடம் கேள்வி கேட்பது, பிள்ளையின் மறுமொழியை நீட்டிக் கொடுப்பது என்று இதை ஒத்த ஒரு முறையை அமெரிக்க ஆய்வாளர் வைட்ஹெர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்குப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிடப் பேச்சில் முந்தியிருந்தார்கள். உப்புவெளித் தந்தைக்கு அப்படி எதையும் யாரும் பழக்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவு கடலுக்குப் போய்க் காலையில் மீன் விற்று வருகிறவரை இரவுக் கதை வாசிக்கச் சொல்வதில் நியாயமில்லை. மத்தியானம் தூங்கி எழுந்த பின் பத்து நிமிடம் போதும். மாரியில் கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடக்கும் நாட்களில் கொஞ்சம் கூடுதலாக வாசிக்கலாம். பிள்ளை எழுந்து போனால் புத்தகத்தை மூடிவிடுங்கள், பிடித்து இருத்த வேண்டாம். புத்தகம் நிறைய வாங்கவும் தேவையில்லை, பொது நூலகத்தில் இரவல் எடுக்கலாம். மகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்குப் பாடமான கதை உங்களுக்கும் பாடமாகும், மூன்றாம் நாள் உங்கள் தடுமாற்றமும் குறையும். நீங்கள் இடறும் சொல்லை அவளே முந்திக்கொண்டு சொன்னால், சொல்ல விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.