அறிவுரையோடு மருந்தும் வரவேண்டும்

(திரை: நோய் மிகுந்த பகுதிகளும் மருத்துவமனைகள் செறிந்த பகுதிகளும் வெவ்வேறு நிறங்களில்)

மருத்துவத் தேவை எங்கே அதிகமோ அங்கேதான் நல்ல மருத்துவம் அரிதாகிறது என்று 1971இல் எழுதினார், வேல்ஸில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். இந்த ஏற்றத்தாழ்வைப் போக்க விழிப்புணர்வு முகாம்களே போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சான்றுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன.

(திரை: முடிதிருத்தும் நாற்காலி, அருகே ரத்த அழுத்தக் கருவி)

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் 52 முடிதிருத்தகங்களில், உயர் ரத்த அழுத்தம் கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினரிடம், அவர்கள் நன்கு அறிந்த முடிதிருத்துநரே உணவுப் பழக்கத்தை மாற்றும்படியும் மருத்துவரைப் பார்க்கும்படியும் எடுத்துச் சொன்னார். மற்றப் பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து, மருத்துவர்களுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதங்களில் சிஸ்டாலிக் அழுத்தம், அதாவது ரத்த அழுத்த அளவின் மேல் எண், முதல் பிரிவில் சராசரியாக 9 புள்ளிகள் குறைந்தது. இரண்டாம் பிரிவில் 27. முடிதிருத்துநர் மீதான நம்பிக்கை இரு பிரிவிலும் ஒன்றுதான். சிகிச்சை நாற்காலிவரை வந்ததா என்பதே வேறுபாடு.

(திரை: வட்டமாக அமர்ந்து பேசும் பெண்கள்)

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒப்பிடப்பட்ட இரு பகுதிகளிலும் மருத்துவ வசதிகள் மேம்படுத்தப்பட்டன. ஆனால் ஒன்றில் மட்டும், உள்ளூர்ப் பெண்களின் துணையோடு மகளிர் குழுக்கள் மாதந்தோறும் கூடி, பேறுகாலச் சிக்கல்களைத் தாங்களே வரிசைப்படுத்தி, அவசர நிதி சேர்ப்பது, தூக்குப்படுக்கைக்கு ஏற்பாடு செய்வது, தூய்மையான பிரசவப் பொருள்களைத் தயாரிப்பது என்று முடிவெடுத்தன. 2004இல் வெளியான முடிவின்படி, பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் குழுக்கள் இருந்த பகுதியில் ஆயிரத்துக்கு 26, மற்றதில் 37. கட்டடமும் கருவியும் இருந்தும், எப்போது, எப்படிப் புறப்படுவது என்ற ஏற்பாடு வீட்டாரிடம் இல்லாவிட்டால் பயன் குறைவு.

1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்த மவுண்ட் பேயூ சுகாதார மையம் இன்னும் துணிந்தது: பட்டினியால் மெலிந்த குழந்தைகளுக்கு உணவையே மருந்துச்சீட்டில் எழுதி, மளிகைக் கடைக்கான தொகையை மருந்துக் கணக்கில் செலுத்தியது.

(திரை: சம்பளப் பதிவேடு)

இத்தகைய திட்டங்களில் பலரும் எளிதாகத் தாண்டிப் போவது ஊதியம். வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரின் உழைப்பைத் தொண்டு என்று அழைத்துச் செலவை மிச்சப்படுத்துவது, ஏற்றத்தாழ்வை இன்னோர் ஏழைப் பெண்ணின் தோளில் ஏற்றுவதாகும். வேலைச்சுமைக்கு ஏற்ற ஊதியம் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது.