ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு வாங்கியாச்சு, அப்புறம்?

(மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் இயங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், 2025 செப்டம்பர் கடைசி வாரம் பேசியதன் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம். இருபது நிமிடம் பேசலாம் என்றார்கள். பின்வரிசையில் கைக்குழந்தையோடு நிற்பவர்களைப் பார்த்தால் பதினைந்தே போதும் போலிருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் ஒரு பொதுக் கதை உண்டு. வீடு தேடும்போது எத்தனை படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசலா என்பதெல்லாம் பிறகுதான். முதலில் கேட்டது, "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?" வீடு எந்தப் பள்ளி வட்டாரத்தில் இருக்கிறதோ, அங்கே உள்ள அரசுப் பள்ளியில்தானே பிள்ளைக்கு இடம். ஊரில் அரசுப் பள்ளி இருந்த தெருப் பக்கமே போகாதவர்கள்கூட இங்கே வந்து அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காதா என்று மாதக்கணக்கில் அலைந்திருக்கிறோம். அவ்வளவு பாடுபட்டுப் பிள்ளையைச் சேர்த்த பிறகு என்ன செய்கிறோம்? காலையில் கார் வரிசையில் நின்று இறக்கிவிட்டுக் கையசைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். ஊரில் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு ஃபீஸ் கட்டின பழக்கம். கட்டியாச்சு, இனி அவர்கள் பாடு என்று இருந்துவிடுகிறோம்.

இங்கே பள்ளி அப்படி நடப்பதில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிள்ளையின் பையில் தினமும் ஒரு தாள் வரும், நம் மின்னஞ்சலில் நாலு அறிவிப்பு வரும். முக்கால்வாசியைத் திறப்பதே இல்லை. அந்த ஆண்டு பள்ளியில் என்ன நடக்கும் என்பது பெரும்பாலும் அந்தத் தாள்களில்தான் முடிவாகிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் அவசரமான செய்தி. வருகிற புதன்கிழமை, அக்டோபர் 1, மிச்சிகன் முழுக்க கவுன்ட் டே, அதாவது பள்ளிகளில் பிள்ளைகளை எண்ணும் நாள். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் முதல் புதன்தான் அது. இந்த ஆண்டு அதே நாளில் ஆயுத பூஜை. பூஜைக்காகப் பிள்ளைக்கு லீவு போடலாம் என்று யாராவது நினைத்திருந்தால், தயவுசெய்து சரஸ்வதியைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட விஷயம்தானே.

அன்றைக்கு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். மாநில அரசு டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கொடுக்கும் பணம் தலைக்கணக்கில்தான் வருகிறது. போன ஆண்டுக் கணக்குப்படி தலைக்கு 9,608 டாலர். அதில் பெரும் பங்கு இந்த இலையுதிர்கால எண்ணிக்கையை வைத்து, மிச்சம் பிப்ரவரி எண்ணிக்கையை வைத்து. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வராத பிள்ளை குறிப்பிட்ட நாட்களுக்குள் திரும்பி வந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதற்காகப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துத் தாள் நிரப்ப வேண்டும். அன்றைக்குப் பல பள்ளிகளில் பாப்கார்ன் கொடுப்பதும், பைஜாமா போட்டு வரச் சொல்வதும் பிள்ளைகளை இழுக்கத்தான்.

ஏன் இப்படித் தலையை எண்ணுகிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கட்டும் வரியின் கதை அது. 1994-க்கு முன்னால் மிச்சிகனில் பள்ளிச் செலவில் பெரும் பகுதி அந்தந்த ஊரின் வீட்டு வரியிலிருந்து வந்தது. வரியை உயர்த்த வேண்டுமானால் ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். வடக்கே கல்காஸ்கா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மக்கள் திரும்பத் திரும்ப வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பள்ளியில் பணம் தீர்ந்தது. 1993 மார்ச் 24-ஆம் தேதி, கல்வியாண்டு முடிய ஏறத்தாழ பத்து வாரம் இருக்கும்போதே பள்ளிகளைப் பூட்டிவிட்டார்கள். நாடு முழுக்கச் செய்தி ஆனது. அந்தக் கோடையிலேயே மாநிலச் சட்டமன்றம், பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கு வீட்டு வரி வாங்குவதை ரத்து செய்தது. மாற்று ஏற்பாடு எதுவும் கையில் இல்லாமலே ரத்து செய்தார்கள் என்பது தனி வேடிக்கை. அடுத்த மார்ச்சில் மாற்று ஏற்பாடாக 'புரொபோசல் ஏ' என்ற திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது. கடையில் நாம் ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அந்த 6 சதவீதத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தப் பணத்தைப் பிரிப்பதற்கு ஒரு அளவு வேண்டுமே, அதுதான் தலைக்கணக்கு.

ஒன்றை மட்டும் அந்தத் திட்டம் தொடவில்லை. கட்டடம். கூரை மாற்ற, புது வகுப்பறை கட்ட, இன்றும் உள்ளூர் வீட்டு வரிதான். வீட்டு விலை அதிகமான டிஸ்ட்ரிக்ட்டில் கடன் பத்திரத்துக்கு வாக்கெடுப்பு வைத்தால் ஒரே மூச்சில் பளபளவென்று ஜிம் வந்துவிடுகிறது. அதே வரி விகிதத்தில், வீட்டு விலை குறைவான ஊரில் கூரைக்குக்கூடப் பணம் தேறாது. டெட்ராய்ட்டுக்கும் நமக்கும் இடையில் ஓடும் எல்லைக்கோட்டை நாம் சாலையாகத்தான் பார்க்கிறோம். 1974-ல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வேலியாக்கியது. டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் புறநகர் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளிகளில் சேர்க்கப் புறநகர் டிஸ்ட்ரிக்ட்டுகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. நீதிபதிகளில் ஒருவரான தர்குட் மார்ஷல் எதிர்த்து எழுதினார். நாம் தேடித் தேடி வாங்கிய "நல்ல டிஸ்ட்ரிக்ட்" அந்தத் தீர்ப்பின் இந்தப் பக்கம் இருக்கிறது. நாம் போட்ட கோடு இல்லைதான். அதன் பலனை அனுபவிக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளவாவது வேண்டும் என்பது என் கருத்து.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 2023 இலையுதிர்காலத்திலிருந்து மிச்சிகன் அரசுப் பள்ளிகளில் காலை உணவும் மதிய உணவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். இந்த ஆண்டு பட்ஜெட் ஜூலை 1-க்குள் முடிந்திருக்க வேண்டியது, இன்னும் இழுபறி. அந்த இழுபறியில் இந்த இலவசச் சாப்பாடு நீடிக்குமா என்ற கேள்வியும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம்மவர்கள் சிலர், "நமக்கெதுக்கு இலவசம், இல்லாதவங்களுக்குப் போகட்டும்" என்கிறார்கள். தட்டை எல்லோரும் எடுத்தால்தான் எவர் வீட்டில் இல்லை என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, காமராஜர் 1956-ல் விரித்தது, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கியது, 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. உங்கள் அப்பா அந்த வரிசையில் தட்டோடு நின்றவராக இருக்கலாம். பள்ளி அனுப்பும் வருமானப் படிவத்தையும் நிரப்பிக் கொடுங்கள். உங்களுக்குச் சலுகை கிடைக்கிறதோ இல்லையோ, வேறு சில நிதிகள் அந்தப் படிவங்களின் கணக்கில்தான் வருகின்றன.

அடுத்தது வீட்டு மொழி. இதில்தான் நம்மிடையே ஒரு ரகசியம் ஓடுகிறது. சேர்க்கைப் படிவத்தில் இரண்டு கேள்வி இருக்கும்: பிள்ளையின் தாய்மொழி ஆங்கிலம் அல்லாத வேறு மொழியா, வீட்டில் பேசுவது வேறு மொழியா? வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு ஆலோசனை சுற்றுகிறது. "இல்லைன்னு போட்டுடுங்க, இல்லாட்டி ஈஎஸ்எல் வகுப்புல தள்ளிடுவாங்க." ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பு அது. சனிக்கிழமை தோறும் தமிழ் படிக்க இங்கே கொண்டுவந்து விடுகிற அதே கை, அந்தப் படிவத்தில் வீட்டில் தமிழே கிடையாது என்று கையெழுத்துப் போடுகிறது!

உண்மையில் என்ன நடக்கும்? ஆமாம் என்று எழுதினால், ஆண்டுத் தொடக்கத்தில் 30 நாட்களுக்குள் ஒரு மொழித் தேர்வு வைத்து முடிவை உங்களுக்குச் சொல்வார்கள். ஆங்கிலம் சரளமாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. குறைவாக இருந்தால் கூடுதல் உதவி. அந்த உதவி வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆண்டுதோறும் தேர்வு மட்டும் தொடரும். இந்த உதவி சும்மா வந்துவிடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளின் குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கியது. 1974, லாவ் எதிர் நிக்கல்ஸ். எல்லோருக்கும் ஒரே வாத்தியார், ஒரே புத்தகம் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். பள்ளியில் பேச ஆங்கிலம் போதவில்லை என்றால் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அந்த உரிமையின் நீட்சிதான். எட்டு வயதுப் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, அவனைப் பற்றிய புகாரை அவனையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அவன் எப்படி மொழிபெயர்ப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

நவம்பரில் ஆசிரியர் சந்திப்பு. பதினைந்து, இருபது நிமிடம்தான். நம் அப்பாக்கள் உள்ளே போனதும் கேட்பது, "ரேங்க் என்ன?" ரேங்க் கிடையாது. நம் பக்கத்துப் பல பள்ளிகளில் 1 முதல் 4 வரை எண் போடுவார்கள். 3 என்றால் அந்த வகுப்புக்கு உரியது வந்துவிட்டது என்று பொருள். நவம்பரிலேயே 3 வாங்கிய பிள்ளையைக் காரில் வைத்து, "ஏன் 4 இல்ல?" என்று குடைகிறோம். 2 வாங்கிய பிள்ளையும் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கும். ஆண்டு முடிவில் எட்ட வேண்டியதை வைத்து அளக்கிறார்கள், பாதி வழியில் 2 இயல்பு.

இந்த ஊர் டீச்சர்கள் பேசும் விதத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பாராட்டு மழை. அற்புதமான பையன், வகுப்புக்கே மகிழ்ச்சி. நாம் குளிர்ந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு மெதுவாக, "ஒரு விஷயத்தில் மட்டும் சேர்ந்து முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்" என்று ஒன்று வரும். அந்தச் சந்திப்பு வைத்ததே அதற்காகத்தான். வட்டத்தில் உட்கார மாட்டேன் என்கிறானா, எழுதச் சொன்னால் பென்சிலைச் சீவிக்கொண்டே பத்து நிமிடம் ஓட்டுகிறானா, அப்போது கேளுங்கள். என்னைக் கேட்டால், ரிசஸ் நேரத்தில், அதாவது விளையாட்டு இடைவேளையில், யாரோடு விளையாடுகிறாள் என்பதையும் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு வழி இருக்கிறது. சுவரோரமாகத் தனியாக நிற்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து அதைச் சொல்லாது.

பிடிஏ, அதாவது பெற்றோர்-ஆசிரியர் சங்கம், பற்றிச் சிலர் முகம் சுளிப்பது தெரியும். பணம் கேட்கும் சங்கம் என்று நினைப்பு. அது 1897 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஆலிஸ் மக்லெல்லன் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்ற இரு பெண்கள் தாய்மார் மாநாடாகத் தொடங்கியது. கறுப்பினப் பெற்றோருக்கு செலினா ஸ்லோன் பட்லர் 1926-ல் தனி தேசிய அமைப்பு கட்ட வேண்டியிருந்தது, இரண்டும் இணைய 1970 ஆனது. இன்றைக்கு உங்கள் பிள்ளை ஆப்பிள் தோட்டத்துக்குப் போய், பழம் பிழிவதைப் பார்த்துச் சூடான டோனட் தின்று வருகிறதே, அந்தப் பேருந்துக்கு வாடகை பெரும்பாலும் பிடிஏ பணம். புத்தகக் கண்காட்சியில் விற்பனையில் ஒரு பங்கு நூலகத்துக்குப் போகும். இருபது டாலர் கொடுத்தனுப்பினால் ஒரு புத்தகமும், சாக்லெட் வாசனை அடிக்கும் நாலு ரப்பரும், ஒரு பெரிய விரல் வைத்த குச்சியும் வந்து சேரும். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தீபாவளி அக்டோபர் 20, திங்கள். சில டிஸ்ட்ரிக்ட்டில் விடுமுறை, பலவற்றில் இல்லை. வகுப்பில் போய்ப் பேசுகிறேன் என்று டீச்சரிடம் இப்போதே கேளுங்கள், சந்தோஷப்படுவார்கள். முந்திரி, பாதாம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை. விளக்கு பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும். ஹாலோவீன் வேடத்தில் வாளும் துப்பாக்கியும் கூடாது.

துப்பாக்கி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மாநிலச் சட்டப்படி ஆண்டுக்கு ஐந்து தீ ஒத்திகை, இரண்டு சூறாவளி ஒத்திகை, மூன்று லாக்டவுன் ஒத்திகை, அதாவது ஆபத்தான ஆள் புகுந்தால் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளப் பழகுவது. 2021 நவம்பர் 30-ல் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டது நம் கவுன்டியில்தான். "இன்னிக்கு லைட்ட அணைச்சிட்டு மூலைல உக்காந்திருந்தோம்" என்று ஆறு வயதுப் பிள்ளை வந்து சொன்னால் பதறாமல் கேளுங்கள். ஒத்திகைத் தேதி பற்றிப் பள்ளி அனுப்பும் மின்னஞ்சலை அன்றைக்கே படித்துவிட்டால் அந்தப் பேச்சுக்குத் தயாராக இருக்கலாம்.

குளிருக்கு ஒரு வார்த்தை. பனி விழுந்தாலும் ரிசஸ் வெளியில்தான். பனிக்கால்சட்டை, பூட்ஸ், இரண்டு ஜோடிக் கையுறை வாங்கி, உள்பக்கத்துணியில் அழியாத மையால் பெயர் எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கடையில் ஒரே கறுப்பு ஜாக்கெட் வாங்குகிறார்கள். பெயரில்லாத ஜாக்கெட், தொலைந்த பொருள்களை வைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் கம்பியில் தொங்கி, பள்ளி விடுமுறைக்கு முன்னால் தானமாகப் போய்விடும்.

நவம்பர் 4 தேர்தல் நாள். உங்களில் பலருக்கு வாக்கில்லை, தெரியும். டிஸ்ட்ரிக்ட்டை நடத்தும் பள்ளி வாரியத்துக்கான தேர்தல் இரட்டைப்படை ஆண்டில், அதாவது அடுத்த ஆண்டு. ஆனால் வாரியக் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் குடியுரிமை யாரும் கேட்க மாட்டார்கள். 1976-ன் திறந்த கூட்டச் சட்டம் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கச் சொல்கிறது. பொதுவாக ஆளுக்கு மூன்று நிமிடம். தமிழ்ச் சங்க மேடையில் மைக்கை விடாத நம்மவர்கள் அங்கே ஒருவர்கூட எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு சகோதரி சீட்டில் கேள்வி அனுப்பியிருக்கிறார்: "நான் எச்-4 விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி இல்லை. பள்ளியில் உதவப் போகலாமா?" எச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா. சம்பளம் வாங்காமல் பெற்றோராகத் தன்னார்வ உதவி செய்யத் தடையில்லை. முன்னதாகப் பின்னணிச் சோதனைப் படிவம் ஒன்று கொடுக்க வேண்டும், கூடவே அடையாள அட்டை நகல். பள்ளி அலுவலகத்திலோ டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலோ படிவம் கிடைக்கும். ஒப்புதல் வரச் சில நாள் ஆகும், அதனால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். புத்தகக் கண்காட்சியில் சில்லறை எண்ணிக் கொடுக்க எப்போதும் ஆள் போதாது.